இரண்டாவது இரண்டு மணி

அக்டோபர் கடைசிச் சனி இரவு.
மூன்றைத் தொட்ட கடிகாரம்
யாரோ கூப்பிட்டதுபோல
இரண்டுக்குத் திரும்பிப் போனது.
பாசல் நகரத்து முதியோர் இல்லம்,
மூன்றாம் மாடி முழுக்க உறக்கம்.
"ஒரு மணித்தியாலம் இனாம்" என்றாள் மிலேனா.
"வேலையில்தானே" என்றேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பதினேழாம் அறையில் ஹெர் ஷௌப்
இரண்டு ஐம்பதுக்குத் தண்ணீர் கேட்டார்.
அது முதல் இரண்டு.
கரண்டியால் நாலு மிடறு இறங்கியது.
ஐந்தாவதை உதட்டிலேயே வைத்திருந்தார்,
விழுங்குவதா வேண்டாமா என்று
யோசிப்பவர்போல.
இரண்டு பத்துக்கு மூச்சு நின்றது.
அது இரண்டாவது இரண்டு.

ஜன்னலைத் திறந்துவிட்டோம், இங்குள்ள வழக்கம்.
குளிர் உள்ளே வந்தது.
வெளியே என்ன போனது என்று
நாங்கள் பார்க்கவில்லை.

கணினியில் பதிந்தேன்.
அதற்குத் துக்கம் கிடையாது, வரிசை உண்டு.
சின்ன எண்ணை மேலே ஏற்றி
பெரிய எண்ணைக் கீழே இறக்கிக் காட்டியது:

02:10 மூச்சு நின்றது.
02:50 தண்ணீர் கேட்டார். நாலு கரண்டி கொடுக்கப்பட்டது.

செத்து நாற்பது நிமிடம் கழித்துத்
தாகமெடுத்த மனிதர்.
கொடுத்தது நான்.
கீழே கையொப்பமும் என்னுடையது.
"பக்கத்தில் ஏ, பி என்று போட்டுவிடு" என்றாள் மிலேனா.
பெட்டி எழுத்தை ஏற்கவில்லை,
எண் மட்டும்தானாம்.

ஊரில் மரண அறிவித்தலில்
காலமானார் என்று அச்சடிப்போம்.
எத்தனை தரம் வாசித்திருப்பேன்,
நேற்றுத்தான் அந்தச் சொல்லுக்குள் கால் இடறியது.
போனார் இல்லை, முடிந்தார் இல்லை.
ஆனார்.
காலமே ஆகிவிட்ட ஒருவரிடம்
மணி கேட்கிறது இந்தப் பெட்டி.

ஆறரைக்கு மகள் வந்தாள், ரெகுலா,
சூரிச்சிலிருந்து.
மேல்சட்டைப் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன.
"இரவு திடுக்கிட்டு எழும்பினேன்.
போனைப் பார்த்தேன், இரண்டு பத்து.
அப்பா எத்தனை மணிக்கு?"

எந்த இரண்டு பத்து?
அவளுக்கும் தெரியாது,
கேட்டால் அந்தப் போனுக்கும் தெரியாது.
"இரண்டு பத்து" என்றேன்.
பொய்யில்லை.
நெடுநேரம் நின்றிருந்த ஏதோ ஒன்று
அவள் முகத்தில்
உட்கார இடம் கண்டு உட்கார்ந்தது.

"தண்ணீர் கேட்டாரா?"
"கேட்டார்."
"எப்போது?"
"நான் பக்கத்தில் இருந்தபோது."

வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை.
ரைன் கரைப் படியில் இருந்தேன்.
முதல் படகு ஒன்பதுக்கு என்றது பலகை.
ஒன்பது என்னிடம் வருகிறதா,
நான்தான் ஒன்பதுக்குப் போகிறேனா?
குந்தியிருந்தபடியே.

அந்தப் படகுக்கு மோட்டார் இல்லை, துடுப்பில்லை.
ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி,
அதில் ஓடும் ஒரு கயிறு.
படகைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்
போகிற தண்ணீரே
அக்கரையில் விட்டுவிடும்.
தண்ணீர் தன் வழியே போகிறது.
நாங்கள் அதனோடு போகவில்லை.

ஆறு ஓடுகிறது என்பதற்கு
எனக்குக் கரை சாட்சி.
படி, மரம், மாதாகோவிலின் இரட்டைக் கோபுரம்
எல்லாம் நிற்பதால் அது ஓடுகிறது.
காலம் ஓடுகிறது என்கிறார்களே,
அதற்கு நிற்கிற கரை எது?
மணிக்கு எத்தனை மணி அதன் வேகம்?
நேற்று ஒரு மணித்தியாலத்தை
இந்த ஊரே இரண்டு தரம் எண்ணியது.
இந்த ஆற்றில் ஒரு கைத்தண்ணீர்
திரும்பி வந்ததில்லை.
ஒரு கைத்தண்ணீர்
சீக்கிரம் போனதுமில்லை.

படகுக்காரன் மீதிச் சில்லறையை நீட்டினான்.
"தூக்கம் ஒரு மணி கூடக் கிடைத்ததா?" என்றான்.
எல்லாரிடமும் கேட்பான் போல.
தலையை ஆட்டினேன்,
ஆமென்றும் இல்லையென்றும் படும்படி.

மாதக் கடைசியில் சம்பளத் தாளில்
எட்டுக்குப் பதில் ஒன்பது மணித்தியாலம் வரும்.
வரி கழித்து, காப்புறுதி கழித்து
ஏதோ கொஞ்சம் மிஞ்சும்.
அந்த ஒன்பதில் எதிலோ
ஜன்னல் இன்னும் சாத்தித்தான் கிடக்கிறது.
கரண்டியை நான் பிடித்திருக்கிறேன்.
ஐந்தாவது மிடறு
உதட்டில் நிற்கிறது.